ஒல்லாந்தர் காலக் கத்தோலிக்கரும் இல்லச் செப மரபும்

ஆள்வோரின் சமயம் ஆளப்படுவோரிடையே பரவுதல் உலக வரலாற்றிற் புதுமையன்று. அவ்வாட்சி அகன்றதும் அச்சமயம் தளர்ந்து மறைதலும் புதுமையன்று. ஆயின், ஓர் ஆட்சியின் நிழலிற் கால்கொண்ட சமயமொன்று, அவ்வாட்சி வீழ்ந்த பின்னர், தன்னை ஒழிக்க முனைந்த மற்றோர் ஆட்சியின் கீழ் நூற்று முப்பத்தேழு ஆண்டுகள் நிலைத்து நின்றமை ஆராய்தற்குரியதாகும். 1658 தொடக்கம் 1795 வரை ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆட்சிக்குட்பட்டிருந்த யாழ்ப்பாணம், மன்னார் ஆகிய பகுதிகளின் தமிழ்க் கத்தோலிக்கரின் வரலாறு இத்தகையது.

இதற்கு விடைகூற முற்பட்டோர் பெரும்பாலும் யோசப் வாஸ் அடிகளாரின் பணியையே முதன்மைப்படுத்தினர். 1942இல் வெளிவந்த எஸ். ஜி. பெரேரா அடிகளாரின் வாழ்க்கை வரலாற்று நூலும் 1957இல் வெளிவந்த பௌடன்ஸ் அடிகளாரின் ஆய்வும் ஒல்லாந்தர் காலத் திருச்சபை பற்றிய அறிவைப் பெரிதும் வளர்த்தன. ஆயினும் வாஸ் அடிகளார் யாழ்ப்பாணத்தை அடைந்தது 1687இலாகும். குருமார் வெளியேற்றப்பட்ட 1658க்கும் அவ்வாண்டுக்கும் இடையே ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் உள. ஒரு தலைமுறைக் காலமான அவ்விடைவெளியில் விசுவாசத்தைக் காத்தோர் எவர்? எதனைக் கொண்டு காத்தனர்? நாள்தோறும் வீட்டில் மனப்பாடமாகச் சொல்லப்பட்ட சில எளிய செபங்களே அவ்விடைவெளியை இணைத்த பாலமாயின என்பதை நிறுவுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

செபம் தமிழில் வேரூன்றிய வகை

இச்செபங்கள் தமிழ் மக்களின் நாவிற்கு வந்த வரலாற்றை முதலில் நோக்குதல் வேண்டும். 1542இல் முத்துக்குளித்துறையை அடைந்த பிரான்சிஸ் சவேரியார், தமிழும் போர்த்துக்கேயமும் அறிந்தோரின் துணையுடன் சிலுவை அடையாளம், விசுவாச மந்திரம், பரலோக மந்திரம், பிரியதத்த மந்திரம், பத்துக் கற்பனைகள் ஆகியவற்றைத் தமிழாக்கம் செய்வித்து, அவற்றைத் தாமும் மனனஞ் செய்தார். கையில் மணியுடன் தெருத்தெருவாகச் சென்று சிறுவரைக் கூட்டி அவற்றைச் சொல்லிக்கொடுத்த முறையை அவர் 1544இல் எழுதிய கடிதத்தில் விவரித்துள்ளார். சிறுவர் தாம் கற்றதைத் தத்தம் பெற்றோருக்கும் வீட்டாருக்கும் அயலாருக்கும் கற்பித்தல் வேண்டும் என்பது அவரது ஏற்பாடு. நோயாளரின் வீடுகளுக்கும் செபம் கற்ற சிறுவரையே அவர் அனுப்பினார்.

இம்முறையின் சிறப்பு யாதெனின், குரு ஒருவர் ஓர் ஊரில் நெடுங்காலம் தங்காமலே அவ்வூரின் வழிபாடு தொடரக்கூடியதாயிருந்தமையாகும். பரந்த கடற்கரையில் மிகச் சில குருமாரே பணியாற்றிய நிலையில் வேறு வழியின்றிக் கைக்கொள்ளப்பட்ட முறை அது. அத்தேவையே பிற்காலத்திற் காவலாயிற்று.

மன்னார் மக்கள் சவேரியாரை அழைத்தபோது அவர் தம் சார்பில் ஒருவரை அனுப்பி ஞானஸ்நானம் வழங்கச் செய்தார். 1544இல் யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் ஆணைப்படி அவர்களுள் ஏறக்குறைய 600 பேர் கொல்லப்பட்டனர். ஆலயமோ குருகுலமோ நூலோ அவர்களிடம் இருந்ததில்லை. அவர்கள் பெற்றிருந்ததெல்லாம் சில மாதப் போதனையும் சில செபங்களுமேயாகும்.

சவேரியாரின் பின் அப்பணியைத் தொடர்ந்த அன்றிக்கே அன்றிக்கஸ் அடிகளார் செபங்களைத் திருத்தமான தமிழில் அமைக்க முயன்றார். 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ பதினாறு பக்கங்களே கொண்ட சிறு நூல். தமிழ் எழுத்தில் அச்சாகி இன்று கிடைப்பனவற்றுள் மிகப் பழையதாகிய அந்நூல், காவியமன்று, இலக்கணமுமன்று. அது ஞானோபதேசமும் செபமும் அடங்கிய கைந்நூலாகும். அடுத்த ஆண்டு கொச்சியில் ‘கிரிசித்தியானி வணக்கம்’ வெளிவந்தது. தமிழ் அச்சின் வரலாறு மனப்பாடச் செபத்தோடு தொடங்குகின்றமை குறிப்பிடத்தக்கது.

அரசின் நிழலும் அதன் நீக்கமும்

இவ்விடத்தில் ஒரு பேருண்மையை மறைத்தல் வரலாற்று நேர்மையாகாது. மன்னாரைப் போர்த்துக்கேயர் 1560இற் கைப்பற்றினர். யாழ்ப்பாண அரசு 1619இல் அவர்வசமாயிற்று. நல்லூர்க் கந்தசுவாமி கோயில் 1621இல் இடிக்கப்பட்டது. அதன் பின்னர் யாழ்ப்பாணத்தில் ஞானஸ்நானம் பெற்றோருள் மனமுவந்து பெற்றோரும் உளர். பதவியையும் பாதுகாப்பையும் நாடிப் பெற்றோரும், அச்சத்தினாற் பெற்றோரும் உளர். இம்மூவகையினரையும் பிரித்தறிய அன்று எவ்வித அளவுகோலும் இருக்கவில்லை. அவ்வளவுகோல் 1658இற் கிடைத்தது.

அவ்வாண்டு பெப்ரவரியில் மன்னாரும் யூன் மாதத்தில் யாழ்ப்பாணக் கோட்டையும் ஒல்லாந்தரிடம் வீழ்ந்தன. குருமார் நாடுகடத்தப்பட்டனர். கத்தோலிக்கக் குருவுக்குப் புகலிடம் அளிப்போருக்கு மரணதண்டனை என அதே ஆண்டில் ஆணை பிறந்தது. போர்த்துக்கேயர் கட்டிய ஆலயங்கள் சீர்திருத்தச் சபையின் ஆலயங்களாகவும் பாடசாலைகளாகவும் மாற்றப்பட்டன. திருச்சொரூபங்கள் அகற்றப்பட்டன.

ஒல்லாந்தரின் ஏற்பாடு போர்த்துக்கேயரின் ஏற்பாட்டிலும் ஒழுங்கானது. ஒவ்வொரு கோயிற்பற்றிலும் ஒரு பாடசாலை. அதற்கு ஓர் உபாத்தியாயர். அவர் கையில் ஒரு தோம்பு. பிறப்பும் ஞானஸ்நானமும் விவாகமும் அத்தோம்பிற் பதியப்பட்டன. அப்பதிவின்றி விவாகம் சட்டப்படி செல்லாது. அதனால் முதுசம் பெறுவதற்கும் இடையூறு நேரும். அரசாங்க உத்தியோகம் பெறவும் ஞானஸ்நானம் வேண்டும். பாடசாலைக்கு வாராத பிள்ளைகளின் பெற்றோர் தண்டப்பணம் செலுத்தினர். 1658 முதல் 1665 வரை யாழ்ப்பாணத்திற் பணியாற்றிய பால்தேயஸ் பாதிரியார், 1663ஆம் ஆண்டளவில் அறுபதினாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கிறிஸ்தவராகக் கணக்கிட்டார். ஏட்டளவில் நோக்கின் யாழ்ப்பாணம் முழுவதும் சீர்திருத்தக் கிறிஸ்தவ நாடாகவே காட்சியளித்தது.

குருவில்லாத் திருச்சபை

கத்தோலிக்க வழிபாட்டின் உயிர்நாடி திருப்பலியாகும். அதனை ஒப்புக்கொடுக்கக் குரு வேண்டும். பாவசங்கீர்த்தனம் கேட்கவும் அவஸ்தைப் பூசுதல் வழங்கவும் குரு வேண்டும். குரு அகற்றப்பட்டதும் இவையாவும் ஒருங்கே நின்றுபோயின. எஞ்சியவை இரண்டு. அவசர வேளையில் எவரும் கொடுக்கக்கூடிய ஞானஸ்நானம் ஒன்று. எவரும் எவ்விடத்தும் சொல்லக்கூடிய செபம் மற்றொன்று. இவற்றுள்ளும் ஞானஸ்நானம் வாழ்வில் ஒருமுறை நிகழ்வது. ஒருவர் இன்னும் கத்தோலிக்கரே என்பதை நாள்தோறும் அவருக்கே நினைவூட்ட வல்லதாக எஞ்சியது செபம் ஒன்றே.

அதிலும் செபமாலையின் அமைப்பு இத்தகைய காலத்துக்கு மிகப் பொருந்தியதாயிருந்தது. பரலோக மந்திரம் ஒன்று, பிரியதத்த மந்திரம் பத்து என்னும் அடுக்கு மீளமீள வருவதால் ஏட்டின் துணை தேவையில்லை. முழுச் செபமாலையில் அன்று அடங்கிய 150 பிரியதத்த மந்திரங்கள், துறவியர் ஓதிய 150 சங்கீதங்களுக்கு ஈடாக எழுத்தறியா மக்கள் சொல்லியவை என்பது திருச்சபை மரபு. மணிமாலை கையில் இருத்தல் ஆபத்தாயின் கைவிரல் பத்தும் போதும். உரத்துச் சொல்ல இயலாதாயின் முணுமுணுத்தல் போதும். வலை பின்னும்போதும் நெற்குற்றும்போதும் சொல்லத்தக்க வழிபாட்டை எந்த அதிகாரியால் தடுக்க இயலும்? ஆலயத்தைப் பூட்டலாம், நூலை எரிக்கலாம், மனப்பாடத்தைப் பறிமுதல் செய்ய எந்தச் சட்டத்தாலும் இயலாது.

இதனால் அக்கால மக்கள் யாவரும் வெளிப்படையான வீரத்துடன் வாழ்ந்தனர் எனக் கொள்ளலாகாது. பலர் தம் பிள்ளைகளைச் சீர்திருத்தச் சபை ஆலயத்துக்கே ஞானஸ்நானத்திற்குக் கொண்டுசென்றனர். அங்கேயே விவாகத்தைப் பதிந்தனர். உபாத்தியாயரின் வினாக்களுக்கு அவர் எதிர்பார்த்த விடைகளையே கூறினர். பகலில் ஒரு சபை, இரவில் ஒரு சபை என்னும் இவ்விரட்டை வாழ்வைக் கண்டிப்போர் உளர். ஆயின் நிலமும் முதுசமும் பிள்ளையின் சட்ட நிலையும் ஒரு தோம்பின் ஏட்டில் தங்கியிருந்த நாட்டில், சாதாரணக் குடியானவன் ஒருவனிடம் இரத்தசாட்சியின் உறுதியை எதிர்பார்த்தல் எவ்வளவு நியாயமாகும் என்பதையும் எண்ணுதல் வேண்டும். அரசுக்குத் தன் பெயரைக் கொடுத்தவன், மாலையில் விளக்கேற்றியபின் கொடுக்காததைத் தன்னிடம் வைத்துக்கொண்டான்.

இந்நிலை கத்தோலிக்கருக்கு மட்டும் உரியதன்று. அவர்களுடைய சைவ அயலவரும் அன்னியர் ஆட்சியில் இதே வழியையே கைக்கொண்டனர். விரதநாளில் மரக்கறி உணவு உண்ட வாழையிலையை வெளியே எறியாது கூரையிற் செருகி மறைத்தனர் என்னும் யாழ்ப்பாண வழக்கு இதனைக் காட்டும். ஒரு காலத்தில் ஆள்வோரின் சமயத்தவராயிருந்த கத்தோலிக்கர், 1658இன் பின்னர், முன்பு சைவர் பட்ட இன்னலைத் தாமும் பட்டனர். இரு சமயத்தாரும் இறுதியில் நம்பியது ஒன்றையே. அதுவே வீட்டின் உட்புறம்.

செபமாலை என்னும் அடையாளம்

வீட்டுச் செபம் ஏட்டில் எழுதப்படுவதன்று. ஆதலின் அதற்கு நேரடி ஆவணம் தேடுதல் அரிது. ஆயினும் மறைமுகச் சான்றுகள் உள. அவற்றுள் தலையாயது 1687இல் நிகழ்ந்தது.

கோவாவிலுள்ள பெனோலிம் என்னும் ஊரில் 1651இற் பிறந்த யோசப் வாஸ் அடிகளார், கூலியாளின் வேடத்தில் யோவான் என்னும் பணியாளருடன் கடல்கடந்து யாழ்ப்பாணம் வந்தார். வந்த சில நாட்களிலேயே கடும் வயிற்றோட்டத்தினாற் பீடிக்கப்பட்டு உயிருக்குப் போராடினார். நலமடைந்தபின் அவரை எதிர்கொண்ட சிக்கல் எளிதானதன்று. கத்தோலிக்கர் எவர் என அவருக்குத் தெரியாது, கேட்பதும் இயலாது. தவறான ஒருவரிடம் கேட்பின் சிறைவாசம் நிச்சயம். அதேபோல், உண்மையான குரு எவர், ஒற்றன் எவர் எனக் கத்தோலிக்கருக்கும் தெரியாது.

அவர் கண்ட வழி எளியது. கழுத்திற் செபமாலையை வெளித்தெரிய அணிந்துகொண்டு வீடுவீடாகப் பிச்சை கேட்கத் தொடங்கினார். கண்டோரின் முகக்குறிப்பைக் கவனித்தார். பலருக்கு அது வெறும் மணிமாலை. சிலரின் கண்கள் மட்டும் அம்மாலையில் நிலைத்தன. அவ்வாறு கண்டறிந்த குடும்பங்களின் வழியாக அவர் மெல்ல மெல்லத் தம்மை வெளிப்படுத்தினார் என அவரது வரலாறுகள் கூறும். பின்னர் சில்லாலைக் கிராமம் அவருக்கு உறைவிடமாயிற்று.

இந்நிகழ்ச்சியைப் பொதுவாக வாஸ் அடிகளாரின் மதிநுட்பத்துக்கு எடுத்துக்காட்டாகவே கூறுவர். அதன் மறுபக்கத்தை நோக்கினாலோ அது மக்களின் வரலாறாகின்றது. இருபத்தொன்பது ஆண்டுகளின் பின் ஒரு மாலையைக் கண்டதும் ஒரு வீட்டார் அதனை அறிந்துகொண்டனர் எனின், அம்மாலை அவ்வீட்டில் மறக்கப்பட்டிருக்கவில்லை என்பதே பொருள். 1658இன் பின்னர் பிறந்த இளைஞர்கள் குரு ஒருவரைக் கண்டிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அவர்களுக்குச் செபமாலையை அறிமுகஞ் செய்தவர் தாயோ பாட்டியோ ஆகவே இருத்தல் வேண்டும். வாஸ் அடிகளார் பாழ்நிலத்தில் விதைக்கவில்லை. நீரின்றியும் பட்டுப்போகாதிருந்த பயிருக்கே நீர் பாய்ச்சினார்.

இல்லச் செபம் நிறுவனமாதல்

யாழ்ப்பாணத்திற் கெடுபிடிகள் மிகவே வாஸ் அடிகளார் 1690இல் புத்தளப் பகுதிக்கும் 1692இல் கண்டிக்கும் சென்றார். கண்டி அரசின் ஆதரவு பின்னர் அவருக்கும் அவரைப் பின்தொடர்ந்து வந்த கோவாவின் ஒறற்றோறியன் சபைக் குருமாருக்கும் பெருந்துணையாயிற்று. எனினும் குருமாரின் தொகை எக்காலத்தும் சிறிதாகவேயிருந்தது. ஓர் ஊர் ஆண்டில் ஒருமுறை குருவைக் காண்பதே அரிது.

ஆகவே அவர்கள் மக்களிடையே ஏற்கெனவே இருந்த மரபை நெறிப்படுத்தினர். ஊரின் வழிபாட்டுக் கருமங்களை மேற்பார்வை செய்ய மூப்பர் நியமிக்கப்பட்டார். செபங்களைத் தொடங்கிச் சொல்லவும் ஞானநூல்களை வாசிக்கவும் பிள்ளைகளுக்குக் கற்பிக்கவும் அண்ணாவியார் நியமிக்கப்பட்டார். இவ்விருவரும் குருப்பட்டம் பெறாத இல்லறத்தவர். ஞாயிறு தோறும் மக்கள் கூடி, திருப்பலிக்குப் பதிலாகச் செபமாலை சொல்லி, ஞானவாசகம் கேட்டுக் கலைந்தனர். வீட்டின் மாலைச் செபம் விரிவடைந்து ஊரின் வழிபாடாயிற்று.

1705இல் இலங்கை வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் இத்தேவையை உணர்ந்தே தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் இயற்றினார். ‘தேவ அருள் வேத புராணம்’, ‘வியாகுல பிரசங்கம்’ முதலியன அவர் ஆக்கங்களாம். ஒல்லாந்தர் 1737இற் கொழும்பில் அச்சகம் நிறுவினர். கத்தோலிக்கரிடம் அச்சகம் இல்லை. அவர்களுடைய நூல்கள் ஓலையிற் படியெடுக்கப்பட்டு ஊரூராகச் சென்றன. தவக்காலத்தில் ஒருவர் வாசிக்கப் பலர் சூழ்ந்திருந்து கேட்டு உருகும் வகையில் ‘வியாகுல பிரசங்கம்’ அமைந்திருந்தமை, எழுத்தறிவு அருகிய சமூகத்தில் செவியே ஏடாகப் பயன்பட்டதைப் புலப்படுத்தும்.

செபம் ஒன்றே யாவற்றையும் காத்தது எனக் கூறுதலும் மிகையாகும். கரையோரச் சமூகங்களின் நெருங்கிய உறவுமுறையும் தொழில்வழிக் கட்டுக்கோப்பும் காட்டிக்கொடுப்போரைத் தடுத்தன. வன்னிக் காடுகள் மறைவிடம் அளித்தன. மாந்தையிலிருந்து மாதாவின் திருச்சொரூபத்தைச் சுமந்துகொண்டு சில குடும்பங்கள் 1670இல் மருதமடுவிற் புகலிடம் தேடின என்பது மடு ஆலயத்தின் மரபு. ஒல்லாந்தருக்கு வாணிகமே முதன்மையாதலின் அவர்களது கடுமையும் காலத்துக்குக் காலம் தளர்ந்தது. இக்காரணிகள் யாவும் விசுவாசம் வாழ்வதற்கு வெளியை அளித்தன. அவ்வெளியில் வாழ்ந்தது எது என்னும் வினாவுக்கு விடை செபமேயாகும்.

இரு சபைகள், ஒரு செபம்

1795இல் யாழ்ப்பாணம் ஆங்கிலேயர் வசமாயிற்று. மறு ஆண்டு கொழும்பும் வீழ்ந்தது. பாடசாலைத் தோம்பின் கட்டாயம் தளர்ந்தது. தண்டப்பணம் விதிக்க எவருமில்லை. பல்லாயிரக்கணக்கிற் பதியப்பட்டிருந்த சீர்திருத்தக் கிறிஸ்தவருட் பெரும்பாலார் குறுகிய காலத்திலேயே சைவத்துக்கு வெளிப்படையாகத் திரும்பினர். 1850இல் இலங்கையின் கிறிஸ்தவம் பற்றி நூலெழுதிய எமர்சன் ரெனன்ற் இச்சரிவை ஆராய்ந்துள்ளார். கத்தோலிக்கரோ, 1806இல் மெயிற்லண்ட் தேசாதிபதி அவர்கள்மீதிருந்த சட்டத் தடைகளை நீக்கியபோது, தத்தம் ஊர்களில் ஆலயத்தோடும் அண்ணாவியாரோடும் நிலைபெற்ற சமூகமாக வெளிப்பட்டனர்.

இவ்வேறுபாட்டுக்குச் செபத்தின் வாசகம் காரணமாகாது. ஒல்லாந்தர் பாடசாலையிலும் பிள்ளைகள் இயேசுநாதர் கற்பித்த அதே செபத்தையே தமிழிற் கற்றனர். ஒரு சாரார் பரலோக மந்திரம் என்பதை மறுசாரார் பரமண்டல செபம் என்பர், பொருள் ஒன்றே. சீர்திருத்தச் சபையில் உண்மை விசுவாசிகள் இருக்கவில்லை என்பதுமன்று. புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி 1759இல் கொழும்பில் வெளியிட்ட பிலிப்பு தெ மெல்லோ போன்ற அறிஞரை அச்சபை ஈன்றது. வேறுபாடு செபம் சொல்லப்பட்ட இடத்திலும் காரணத்திலும் இருந்தது. பாடசாலையிற் கற்ற செபம் உபாத்தியாயரின் சோதனைக்கு விடையாயிற்று. சோதனை முடிந்ததும் அதன் பயனும் முடிந்தது. வீட்டிற் கற்ற செபமோ தாயின் குரலோடும் மாலை விளக்கோடும் இறந்தோரின் நினைவோடும் பிணைந்திருந்தது. அதனை விடுதல் குடும்பத்தையே விடுதல் போலாகும்.

போர்த்துக்கேயர் காலத்துக் கத்தோலிக்கமும் அரசின் நிழலிற் பரவியதே என்பது மேலே கூறப்பட்டது. அந்நிழல் நீங்கியபோது உதிர வேண்டியன உதிர்ந்தன. எஞ்சியவர்கள் எஞ்சியமைக்கு அரசு காரணமன்று. எனவே யாழ்ப்பாணத் திருச்சபையின் உண்மையான அத்திவாரம் 1619இல் இடப்பட்டதன்று. 1658இன் பின் வந்த இருண்ட மாலைகளிலேயே அது இடப்பட்டது எனலாம்.

வாஸ் அடிகளார் 1711 சனவரி 16இல் கண்டியிற் காலமானார். 2015 சனவரி 14இல் கொழும்பு காலிமுகத்திடலிற் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராகப் பிரகடனம் செய்து, அன்றே மடுத்திருப்பதிக்கும் சென்றார். அதற்கு ஏழு ஆண்டுகளின் முன், 2008 ஏப்ரலில், யுத்தம் நெருங்கியபோது மடுமாதாவின் திருச்சொரூபம் தேவன்பிட்டிக்குக் கொண்டுசெல்லப்பட்டது. ஓகஸ்ற் மாதத்தில் மீளக் கொண்டுவரப்பட்டது. மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் காட்டினூடே திருச்சொரூபம் சுமந்த குடும்பங்களின் நினைவு அப்போது பலர் உள்ளத்தில் எழுந்தது. சொரூபத்தைச் சுமந்தோரை மரபு நினைவுகூர்கின்றது. வாஸ் அடிகளாருக்குத் திருச்சபை பீடம் அமைத்துள்ளது. பெயரறியா வீடுகளின் திண்ணையிலும் அடுக்களையிலும் அந்தியில் அமர்ந்து, பிள்ளையின் விரலைப் பிடித்துப் பத்துவரை எண்ணச் சொல்லிக்கொடுத்த தாய்மாரைப் பற்றி எந்தத் தோம்பிலும் பதிவில்லை. ஆயினும், அவர்களின்றேல் அச்செபமாலையை 1687இல் அறிந்துகொள்ள யாழ்ப்பாணத்தில் எவரும் இருந்திருக்கமாட்டார் எனக் கூறின் அது மிகையாகாது.